பெற்றோல்மக்ஸுக்குப் பொன்னாடை

அண்டைக்கு எனக்குத் தந்த வேலை ஒண்டே ஒண்டுதான். கொட்டாஞ்சேனையில இருக்கிற ஒரு மனிசனை ஓட்டோவில ஏத்திக்கொண்டு வந்து, பின்னேரம் அஞ்சு மணிக்கு வெள்ளவத்தையில ஒரு மண்டபத்தில இறக்கிவிட வேணும்.

அவ்வளவுதான். ஒரு மூட்டை அரிசியைக் கொண்டுவரச் சொன்னாலும் இதைவிடக் கஷ்டமாத்தான் இருந்திருக்கும்.

சண்டைக் காலம் அது. எங்கட கம்பஸ் பழைய மாணவர் சங்கத்துக்குக் கொழும்பில ஒரு கிளை இருந்தது. வருஷத்துக்கு ஒருக்கா, தொழிலிலயும் சேவையிலயும் பேர் எடுத்த பழைய மாணவர் ஒருத்தரைத் தெரிஞ்சு, பொன்னாடை போத்தி, கேடயம் குடுத்துக் கௌரவிக்கிறது வழக்கம். அந்த வருஷம் தெரிவானது எங்கட பட்ச் ஆள்.

மாட்டு டொக்டர். மலைநாட்டுத் தோட்டத்தில பிறந்தவன், வேலை கிடைச்சது மட்டக்களப்பில, வாவிக்கு அங்கால. இருபது வருஷமா அங்கதான். கூடப் போன டொக்டர்மார் எல்லாம் மாற்றம் எடுத்துக்கொண்டு ஓடி வந்திட்டினம். இவன் மட்டும் ஒரு பழைய மோட்டர்சைக்கிளில மாடுகளுக்குப் பின்னால திரிஞ்சுகொண்டு இருந்தான். ஒருத்தரும் ஒரு நாளும் அவனைப் பாராட்டினதில்லை. மாடு பாராட்டாதுதானே!

அவனை எனக்கு இருபத்தைஞ்சு வருஷமாத் தெரியும். பேர் பெற்றோல்மக்ஸ்.

சிரிக்காதேங்கோ. எங்கட கம்பஸில தாய் தகப்பன் வைச்ச பேர் முதல் நாள் வாசலோட சரி. சீனியர்மார் பகிடிவதையில என்ன பேர் வைக்கினமோ அதுதான் பேர். பட்டம் எடுத்தாலும் போகாது, கலியாணம் கட்டினாலும் போகாது. ஒரு சிநேகிதன்ர கலியாணத்தில ஐயர் மாப்பிள்ளையின்ர சொந்தப் பேரைச் சொல்லேக்க, "ஆரடா அது?" எண்டு கேட்ட ஆக்கள் நாங்கள்.

முதல் வருஷம் ஒரு நாள் விடுதியில கரண்ட் நிண்டிட்டுது. ஒரு சீனியர் இவனை மேசையில ஏத்தி, "நீதான் பெற்றோல்மக்ஸ். எரியடா!" எண்டான். இவனும் கையைக் காலை ஒடுக்கிக்கொண்டு "ஸ்ஸ்ஸ்ஸ்" எண்டு எரியத் தொடங்கினான். கொஞ்ச நேரத்தில கரண்ட் வந்திட்டுது. எல்லாரும் சாப்பிடப் போட்டம். சாப்பிட்டு, கை கழுவி, கதைச்சுக் கதைச்சுத் திரும்பி வந்தால், இவன் இன்னும் மேசையில நிண்டு எரியிறான்!

"ஏன்டா?" எண்டு கேட்டன்.

"யாரும் அணைக்கச் சொல்லலையே" எண்டான்.

என்ர பேர் பாயாசம். சரஸ்வதி பூசையண்டு ஒன்பது கப். அதுக்குமேல விளக்கம் வேண்டாம்.

சங்கத் தலைவர் எங்களுக்கு மூத்தவர், கண்டிப்பான மனிசன். என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"குணா, பிரதம விருந்தினர் ஆறரைக்கு வெளிக்கிட்டிடுவார். ஏழு மணிக்கு மண்டபத்தைப் பூட்டிப்போடுவினம். விருது வாங்கிற ஆள் வராமல் விருது குடுக்கேலாது. அவர் விடிய முதல் பஸ்ஸில திரும்பிப் போறார், பிறகு ஆளைப் பிடிக்கவும் ஏலாது. விளங்குதோ?"

"சேர், அவன் என்ர உயிர்ச் சிநேகிதன். அவனைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒண்டுமில்லை!" எண்டன் நான்.

அந்த வசனத்தை ஞாபகம் வைச்சிருங்கோ.

இன்னொண்டும் சொல்லவேணும். கடைசியில நன்றியுரையும் எனக்குத்தான் தந்திருந்தவை. அழைப்பிதழ் அச்சாகி வந்த உடன ஆசையா எடுத்து வாசிச்சனான். "நன்றியுரை: திரு. க. குணரத்தினம்." ஒரு எழுத்தும் பிழையில்லை. ஏழெட்டுத் தரம் வாசிச்சிருப்பன். மனிசிக்கும் வாசிச்சுக் காட்டினன். மற்ற வரி ஒண்டும் கண்ணில படேல்லை.

மூண்டு மணிக்கு ஓட்டோ பிடிச்சுக் கொட்டாஞ்சேனைக்குப் போயிட்டன். கிராண்ட்பாஸ் பக்கத்து முஸ்லிம் நானா ஒராள்தான் ஓட்டோ டிரைவர். பெற்றோல்மக்ஸ் தங்கியிருந்தது தங்கச்சி வீட்டில. கதவைத் தட்டினன். தங்கச்சி வந்தா.

"பெற்றோல்மக்ஸ் நிக்குதோ?" எண்டு கேட்டன்.

அவ என்னை மேலும் கீழும் பாத்தா. "வெளக்கு வாடகைக்கு விடுறது ரெண்டு வீடு தள்ளிங்க. கோயில் திருவிழாவுக்கா?"

அந்த நேரமே எனக்கு ஒரு சின்ன மணி அடிச்சிருக்க வேணும். அடிக்கேல்லை. அதுக்குள்ள உள்ளுக்கிருந்து, "டேய் பாயாசம்!" எண்டு ஒரு சத்தம். ஓடி வந்து என்னைக் கட்டிப் பிடிச்சான். தலை நரைச்சிருந்தது, சிரிப்பு மாறேல்லை. தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளுக்குப் போனா. பிறகு, முன்வரிசையில இடம் பிடிக்கவேணும் எண்டு பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில முன்னால போயிட்டா.

நாங்கள் வெளிக்கிடேக்க அவன் ஒரு பெரிய பையைத் தூக்கினான்.

"இது என்னடா?"

"மாட்டு மருந்து. இன்னிக்குத்தான் வாங்கினேன். ஊசி, கையுறை, மாத்திரை எல்லாம் இருக்கு."

"வீட்டில வைச்சிட்டு வா. விருது வாங்கப் போறாய், மாட்டுக்கு ஊசி போடப் போகேல்லை."

"வெச்சா அவ்வளவுதான். பிள்ளைங்க ஏற்கனவே ஒரு கையுறைய ஊதி பலூன் ஆக்கிட்டாங்க."

சரி எண்டு பையையும் ஏத்திக்கொண்டு வெளிக்கிட்டம். கோட்டை தாண்டி, காலி வீதிக்கு ஏறி, கொஞ்சத் தூரம் வந்தால், செக்பொயின்ட்.

"பஹின்ன, பஹின்ன." இறங்கச் சொல்லிப்போட்டினம். நாலேகால் மணி. இன்னும் நேரம் இருக்கு எண்டு நான் விசிலடிச்சுக்கொண்டு இறங்கினன்.

அங்க நிண்ட சார்ஜன்ட் ஒரு தடிச்ச மனிசன், பெரிய மீசை. பையைத் திறந்தார். முதல்ல வந்தது ஊசி. அது மாட்டு ஊசி. பாத்த உடன ஓட்டோ நானா தன்ர கையைத் தடவிக்கொண்டார். பிறகு மாத்திரை, பெருவிரல் பருமன். கடைசியில, மெல்லிய பிளாஸ்டிக் கையுறை. சார்ஜன்ட் இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. தோள்மூட்டு வரைக்கும் நீளம்.

"மே மொனவாத?" இது என்ன எண்டு என்னைக் கேட்டார்.

பெற்றோல்மக்ஸ் விளக்கம் சொல்ல வாயெடுத்தான். நான் விடேல்லை. என்ர சிங்களம் பற்றி எனக்கு அந்தக் காலத்தில நல்ல அபிப்பிராயம் இருந்தது. ஆனால் அந்த நேரம் பாத்து ஒரு சொல்லும் வரேல்லை. அதால, காலி வீதியில, பஸ்ஸில போற சனம் முழுக்கப் பாக்க, மாட்டுக்குப் பின்னால நிண்டு கையை எங்க விடுறது, எவ்வளவு தூரம் விடுறது எண்டு செய்து காட்டினன்.

சார்ஜன்ட் ஒரு அடி பின்னால போனார்.

பிறகு அடையாள அட்டையளை வாங்கிப் பாத்தார். அவன்ர அட்டையில தோட்டத்து விலாசம். வேலை மட்டக்களப்பில. தங்கினது கொட்டாஞ்சேனையில. போறது வெள்ளவத்தைக்கு. சார்ஜன்டுக்கு இது பிடிக்கேல்லை. அவனைத் தள்ளி ஒரு மரத்துக்குக் கீழ நிப்பாட்டினார். என்னை இஞ்சால கூப்பிட்டார். தனித்தனியா விசாரிக்கிறது அவையின்ர வழக்கம்.

"அது ஆர்?"

"சிநேகிதன் சேர். இருபத்தைஞ்சு வருஷச் சிநேகிதம்."

"எங்க கூட்டிக்கொண்டு போறாய்?"

"பாராட்டு விழாவுக்கு சேர்! பெரிய சேவை செய்த மனிசன். அவரைக் கௌரவிக்கப் போறம்!" நெஞ்சை நிமித்திக்கொண்டு சொன்னன்.

"ஆ, ஹொந்தாய். எயாகே நம மொகக்த?"

அவருடைய பேர் என்ன.

வாயைத் திறந்தன். உள்ளுக்கு ஒண்டுமில்லை.

இருபத்தைஞ்சு வருஷத்தையும் தலைக்குள்ள புரட்டிப் பாத்தன். அவனுக்கு ஆகாத சாப்பாடு தெரியும். அவன்ர முதல் காதல் ஏன் முறிஞ்சது எண்டு தெரியும். குறட்டைச் சத்தம் தெரியும். பேர் மட்டும் தெரியாது!

ஒரு யோசனை வந்தது. எங்கட ஆக்களில பாதிப் பேருக்குப் பேர் எப்பிடித் தொடங்கும்?

"சிவ..." எண்டு இழுத்து, சார்ஜன்டின்ர முகத்தைப் பாத்தன்.

அவர் கையில இருந்த அடையாள அட்டையைப் பாத்தார். பிறகு என்னைப் பாத்தார். "சிவ?"

"சிவலிங்கம்..?"

முகத்தில ஒரு மாற்றமும் இல்லை.

"சிவராசா? சிவபாலன்? சிவஞானம்?"

"இதென்ன லொத்தர் சீட்டோ?" எண்டார் சிங்களத்தில. "இருபத்தைஞ்சு வருஷமா என்ன சொல்லித்தான் கூப்பிட்டனீ?"

வேற வழியில்லை. "பெற்றோல்மக்ஸ், சேர்."

"அவர் உன்னை?"

"பாயாசம்."

அவர் கொப்பியை எடுத்து ரெண்டையும் எழுதினார். பக்கத்தில நிண்ட கான்ஸ்டபிள் துவக்கைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சான்.

"சொந்தப் பேர் தெரியாது. ஒருத்தரை ஒருத்தர் வேற வேற பேரில கூப்பிடுறியள். இந்த நாட்டில ஆர் அப்பிடிப் பேர் வைச்சுக்கொண்டு திரியிறது எண்டு தெரியுமோ?"

இயக்கக்காரரைத்தான் சொல்லுறார். தெரியும் எண்டாலும் பிழை, தெரியாது எண்டாலும் பிழை. நான் தும்மினன்.

ஓட்டோவுக்குள்ள இருந்து நானா எட்டிப் பாத்தார். "என்ன சேர் நீங்க, பேர் தெரியாத மனிசனுக்கா பொன்னாடை போத்தப் போறீங்க?"

நல்ல காலம், அவர் அதைத் தமிழில கேட்டார். கெட்ட காலம், சார்ஜன்ட் அதையேதான் அடுத்ததாச் சிங்களத்தில கேட்டார்.

"இவரைத் தெரிஞ்ச வேற ஆர் இருக்கினம்?" எண்டார்.

"மண்டபத்தில எங்கட செயலாளர் நிக்கிறார் சேர்! அவரும் எங்கட பட்ச்தான்!" முன்னால ஒரு கொமினிகேசன் கடை இருந்தது. ஓடிப்போய் மண்டபத்துக்கு நம்பரைச் சுத்தினன். போனை எடுத்தது செயலாளரேதான். எங்களுக்கு அவன் கொக்கு. நான் வாய் திறக்க முதல் சார்ஜன்ட் ரிசீவரைப் பறிச்சிட்டார்.

"ஹலோ. பொலிஸியென். பெருமாள்... ஆறுமுகம் பெருமாள். தன்னவாத?"

பெருமாள்! சிவன் ஏன் கைவிட்டார் எண்டு அப்பத்தான் விளங்கிச்சுது.

இஞ்ச நான் ஒரு விஷயம் சொல்லவேணும். அந்தக் காலத்தில பொலிஸ் போன் எடுத்து ஒரு தமிழனின்ர பேரைச் சொல்லி, "தெரியுமோ?" எண்டு கேட்டால் நாங்கள் எல்லாரும் ஒரே மறுமொழிதான் சொல்லுவம். சொந்தத் தம்பி எண்டாலும் அதுதான்.

கொக்கு அதைச் சொல்லிப்போட்டான்.

"குணரத்தினம்?" எண்டு கேட்டார் சார்ஜன்ட்.

அந்த ஆளையும் தெரியாதாம்.

"அங்க பாராட்டு விழாவோ?"

போனை வைச்சிட்டு சார்ஜன்ட் என்னை ஆறுதலாப் பாத்தார். "அங்க ஒரு விழாவும் இல்லையாம். சாமத்தியவீடாம்." மரத்துக்குக் கீழ நிண்ட நரைச்ச தலையைப் பாத்தார். "பெரிய பிள்ளையானது அவரோ?"

கான்ஸ்டபிள் சிரிச்சான். நானும் சிரிச்சுப் பாத்தன். சார்ஜன்ட் சிரிக்கேல்லை. "ஸ்டேஷனுக்குப் போவம்" எண்டார்.

அதோட எனக்குச் சிரிப்பு நிண்டது. ஸ்டேஷனுக்குப் போனால் எப்ப வெளியில வருவம் எண்டு அந்தக் காலத்தில ஒருத்தராலயும் சொல்லேலாது. மணி அஞ்சாகுது. மண்டபத்தில முன்வரிசையில அவன்ர தங்கச்சி பிள்ளையளோட குந்தியிருப்பா. இருபது வருஷத்தில முதல் தரமா இவனைப் பாராட்டக் கூப்பிட்டிருக்கினம். அதையும் நான், இவன்ர பேர் தெரியாத நான், கெடுத்துப்போட்டன். உண்மையாச் சொல்லுறன், எனக்கு வெக்கத்தில அழுகை வந்தது.

சார்ஜன்ட் மரத்தடிக்குப் போனார். என்னைக் காட்டி அவனிட்ட ஏதோ கேட்டார். அவன் கையைக் கட்டிக்கொண்டு, ஆறுதலா, நல்ல சிங்களத்தில கதைச்சான். கதைச்சான், கதைச்சுக்கொண்டே இருந்தான். கொஞ்ச நேரத்தில சார்ஜன்டின்ர மீசை ஆடத் தொடங்கிச்சுது. பிறகு வயிறும் ஆடிச்சுது. கடைசியில மனிசன் மரத்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிக்கிறார்!

திரும்பி வந்து எனக்கு முன்னால நிண்டார். "கதிரவேலு குணரத்தினம். ஊர் அளவெட்டி. விடுதியில அறை இலக்கம் பதினேழு. நாய்க்குப் பயம். சரியோ?"

"சரி சேர்."

"அவர் உன்னைப் பற்றி எல்லாம் சொல்லுறார். நீ என்ன மனிசன்?"

நான் திரும்பவும் தும்மினன்.

பெற்றோல்மக்ஸ் அவருக்குக் கம்பஸ் பகிடிவதையை, மேசையை, பாயாசத்தை எல்லாம் சொல்லியிருக்கிறான். சார்ஜன்டின்ர மூத்த மகளும் கம்பஸிலதானாம். ஒரு நாள் ஆரோ போன் எடுத்து, "அம்பரெல்லா இருக்குதா?" எண்டு கேட்க, "இது பழக்கடை இல்லை" எண்டு ஏசிப்போட்டு வைச்சவராம். பிறகு பாத்தால் அம்பரெல்லா எண்டது தன்ர மகளின்ர கம்பஸ் பேராம். மகள் ரெண்டு நாள் அவரோட கதைக்கேல்லையாம்.

"ஹரி, யன்ன" எண்டார். போகலாம்!

நான் ஓட்டோவுக்குள்ள பாய்ஞ்சன். பின்னால ஆளைக் காணேல்லை. எட்டிப் பாத்தால், சார்ஜன்ட் ஊரில நிக்கிற தன்ர மாடு ரெண்டு கிழமையாத் தின்னுதில்லை எண்டு சொல்ல, இவன் பையைத் திறந்து வைச்சுக்கொண்டு வைத்தியம் பாக்கிறான்!

"டேய், அஞ்சே கால்!" எண்டு கத்தினன்.

"இருடா. அசை போடுதான்னு கேட்டுட்டு வந்துர்றேன்."

பெருவிரல் மாத்திரை நாலு குடுத்து, எப்பிடி விழுங்கப் பண்ணுறது எண்டு கான்ஸ்டபிளின்ர தாடையைப் பிடிச்சுக் காட்டிப்போட்டுத்தான் ஏறினான்.

ஓட்டோ பறந்தது. பிறகு கேட்டன், "உனக்கு எப்பிடியடா என்ர முழுப் பேரும் தெரியும்?"

"முதல் வருஷம் காலையில இங்கிலீஷ் வகுப்பு இருந்துச்சே. நீ ஒரு நாளாவது வந்தியா? வரவு இடாப்புல உன் பேர எழுதி, கையெழுத்தும் போட்டது யாரு?"

"நீயோ?"

"எழுப்பினா எந்திரிக்க மாட்ட. நீ பெயிலாயிடக் கூடாதுல்ல. இப்ப பேனா குடு, உன்னவிட நல்லா போடுவேன்."

"மன்னிச்சுக்கொள்ளடா, பெருமாள்" எண்டன். முதல் தரம் அந்தப் பேரைச் சொன்னது அப்பத்தான். வாய்க்குள்ள புதுப் பல்லுக் கட்டின மாதிரி இருந்தது.

அவனுக்கும் பிடிக்கேல்லை. "அந்தப் பேரெல்லாம் பொலிஸ் கூப்பிடட்டும். நீ ஒழுங்கா கூப்பிடு" எண்டான்.

அஞ்சே முக்காலுக்கு மண்டபத்தில இறங்கினம். வாசலில கொக்கு நிக்கிறான். என்னைக் கண்ட உடன ஓடிவந்து, பக்கத்தில ஒருத்தரும் இல்லை எண்டு பாத்து, காதுக்குள்ள சொன்னான்:

"மச்சான், பொலிஸ் போன் எடுத்தது! உன்னையும் கேட்டவங்கள், ஆரோ ஒரு பெருமாளையும் கேட்டவங்கள். ஒருத்தரையும் தெரியாது எண்டு சொல்லி உன்னைக் காப்பாத்திப்போட்டன்!"

அவன்ர தலைக்கு மேல பெரிய பனர் ஒண்டு தொங்கினது. "கால்நடை வைத்தியர் ஆறுமுகம் பெருமாள் அவர்களுக்கான பாராட்டு விழா." அதை எழுதக் குடுத்ததும் கொக்குதான்.

விழா அவசர அவசரமாத் தொடங்கினது. தலைவர் எழும்பி, "ஆறுமுகம் பெருமாள் அவர்களை மேடைக்கு அழைக்கிறேன்" எண்டார். சபையில எல்லாரும் ஆளை ஆள் பாக்கினம். பிறகு பின்வரிசையில இருந்து, "அட, எங்கட பெற்றோல்மக்ஸ்!" எண்டு ஒரு குரல். பிறகு தட்டின தட்டில மண்டபக் கூரை போகாதது அதிசயம். பொன்னாடை போத்தேக்க தங்கச்சி அழுதா. பிள்ளையள் ரெண்டும் கையுறை பலூனை ஆட்டிச்சுதுகள்.

கடைசியில நன்றியுரை. எழுதிக்கொண்டு போனதை மடிச்சுப் பொக்கற்றுக்குள்ள வைச்சன். மேசையில நிண்டு எரிஞ்ச கதையைச் சொன்னன். "அண்டைக்கு ஒருத்தரும் அணைக்கச் சொல்லேல்லை எண்டு நிண்டவன். இருபது வருஷமா வாவிக்கு அங்காலயும் அப்பிடித்தான் நிக்கிறான். ஆறுமுகம் பெருமாள். இந்தப் பேரை நான் இனி மறக்க மாட்டன்" எண்டன். சபை எழும்பி நிண்டு கை தட்டினது. அவன் தலையைக் குனிஞ்சுகொண்டு இருந்தான்.

அத்தோட இருந்திருக்க வேணும்.

கை தட்டல் தந்த உற்சாகத்தில, "அடுத்ததாக, இந்த விழாவைச் சிறப்பாக நடத்திய எங்கள் பெருமதிப்புக்குரிய தலைவர்..." எண்டு தொடங்கித் தலைவரின்ர பக்கம் திரும்பினன். அவரின்ர பேர் வரேல்லை. அவருக்கும் கம்பஸ் பேர் ஒண்டு இருந்தது. அது மட்டும் நல்ல தெளிவா வந்தது.

"...கருவாடு அவர்களுக்கும் நன்றி."

அடுத்த வருஷ அழைப்பிதழில என்ர பேர் எங்கேயும் இல்லை. அதால முதல் தரமா, மற்ற ஆக்களின்ர பேர் எல்லாத்தையும் ஆறுதலா வாசிச்சன்.